மைக்கில் சொல்லாத ஒரு வரி

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடமாம். ஊர் முழுக்க மழை கொட்டினாலும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளே மட்டும் ஒரு சொட்டுகூட விழாதாம்.

சிரிக்காதீங்க சார். இப்படிக் கதை மாதிரி ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. நேராகச் சொன்னால் மனு மாதிரி ஆகிவிடுகிறது. மனு எழுதி எழுதி எனக்கு அந்தப் பாஷையே ஒட்டிக்கொண்டது. 'மேற்படி பொருள் தொடர்பாக'ன்னு சொல்லித்தான் சோறுகூடக் கேட்கிறேன் என்று என் வீட்டுக்காரி சுயம்புகனி கேலி பண்ணுவாள். முன்னே பண்ணுவாள். இப்போது அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உட்காருங்க. மணி அடித்த பிறகுதான் தலைமையாசிரியர் எஸ்தர் டீச்சர் உங்களைப் பார்ப்பார். பையைப் பார்த்ததுமே தெரிந்தது, கைடு கம்பெனி ஆள் என்று. இங்கே வருகிற எல்லோரும் இந்த டீக்கடை பெஞ்சில்தான் காத்திருப்பார்கள். நானும் தினமும் இங்கேதான். வண்டியை விற்றுவிட்டேன். வாழைத்தார் ஏற்றுகிற வண்டி. இனி அது எதற்கு?

எதிரே சுவர் தெரிகிறதா? அழகாக இருக்கிறது இல்லையா? புதுச்சுவர். மயில், மாங்காய் மரம், கொடி பிடித்த பிள்ளைகள், பெரிய எழுத்தில் 'மழைநீரைச் சேமிப்போம்'. பெயிண்டு அடிக்கும்போது நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலுக்குக் கண் வைக்க அந்த ஆள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பழைய சுவர் வெறும் சுண்ணாம்பு. போன ஐப்பசியில் வடக்குக்குளம் உடைந்ததே, அன்றைக்கு அது விழுந்தது. அதற்குக் கீழே என் பையன் இருந்தான். முகிலன். மூன்றாம் வகுப்பு. சந்தியா என்று இன்னொரு பிள்ளையும் இருந்தது.

இல்லை சார், பரவாயில்லை. எல்லோரும் இந்த இடத்தில் டீயைக் கீழே வைத்துவிடுகிறார்கள். குடிங்க, ஆறிவிடும். சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. வெதர் சொல்கிற மாதிரிச் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. தார் இறக்க நாகர்கோவில் போயிருந்தேன். விடிகிற நேரம் கரை உடைந்திருக்கிறது. யாரோ கோயில் மைக்கைப் பிடித்து, 'எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க' என்று சொல்லியிருக்கிறார். தப்பாகச் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம்தான் முகாம் என்று போர்டே இருக்கிறது, அதோ கேட்டுக்குப் பக்கத்தில், பச்சையில். ஆனால் சார், ஊரிலேயே பள்ளமான இடம் இந்தப் பள்ளிக்கூடம்தான். இது ஊருணியாக இருந்த இடம், தூர்த்துக் கட்டினது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பள்ளிக்கூடம் என்றால் பத்திரம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. என் வீட்டுக்காரியும் மகளும் மச்சு வீட்டு மாடிக்கு ஏறிவிட்டார்கள். இவன் மட்டும் மகள் கையை உதறிவிட்டு, 'பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுதாங்கல்லா'ன்னு ஓடியிருக்கிறான். படிப்பில் சுமார்தான். ஆனால் மைக்கில் சொன்னால் கேட்பான்.

இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்றைக்கு நான் இங்கே வந்து நின்றேன். காலையில் வரிசையாக நிறுத்திப் பாட்டு, உறுதிமொழி, செய்தி வாசிப்பு எல்லாம் நடக்குமே, அதைக் கேட்க. இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்வார்கள், அந்த இரண்டு பிள்ளைகள் பெயரையும் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு பையன் வந்து வாசித்தான். மாநிலச் செய்தி, ஏதோ பாலம் திறப்பு. தேசியச் செய்தி, ராக்கெட். உலகச் செய்தி, எங்கேயோ எரிமலை. விளையாட்டுச் செய்தி, நம் ஆட்கள் ஜெயித்திருந்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவ்வளவுதான், வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

வானிலை இல்லை. எப்போதும் கடைசியில் வானிலை வாசிப்பார்கள் சார். அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மழை என்கிற வார்த்தையைக் கேட்டாலே சில பேர் அழுகிறார்களாம், ஒரு குழந்தை வரிசையிலேயே மூத்திரம் போய்விட்டதாம். அதனால் மழைப் பேச்சே வேண்டாம் என்று டீச்சர் முடிவு பண்ணிவிட்டார். உலகத்தில் எங்கே எரிமலை வெடித்தாலும் சொல்வார்கள். இந்த ஊரில் மழை வருமா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் காலாண்டுத் தேர்வு. இதில் உங்கள் கம்பெனிக்கும் பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ்த் தாளில் கட்டுரை என்ன தெரியுமா? 'மழைநீர் சேகரிப்பின் இன்றியமையாமை'. என் மகள் தர்ஷினி, எட்டாம் வகுப்பு, அழகாக எழுதியிருந்தாள். முன்னுரை, மழை இயற்கை நமக்குத் தந்த கொடை. முடிவுரை, ஒவ்வொரு துளியையும் வரவேற்போம். முழு மார்க். சிவப்பு மையில் 'மிக நன்று'. தாளில் கையெழுத்து வாங்க என்னிடம் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, இதை நீயா எழுதினே?" என்றேன்.

"கைடுல அப்படித்தான்பா இருக்கு."

"நீ கண்ணால பாத்ததை எழுத வேண்டியதுதானே?"

"பாத்ததை எழுதினா மார்க்கு எப்படிப் போடுவாங்க? பத்தி பிரிச்சு உட்தலைப்பு வைக்கணும்லா?" அப்புறம் கொஞ்சம் கழித்து, "எஸ்தர் டீச்சர்தான் திருத்துவாங்க. அதைப் படிச்சா அவங்க அழுவாங்கப்பா" என்றாள்.

பாருங்க, பேச்சை எப்படி மாற்றுகிறாள் என்று. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சரி, பழையது போகட்டும். இப்போது நடக்கிறதைச் சொல்கிறேன். மேகத்தைப் பார்த்தீர்களா வருகிற வழியில்? குளம் நிரம்பி நிற்கிறது. உடைந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கி மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். நான் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். கரையில் நண்டு வளை. வளையிலிருந்து தண்ணீர் கசிகிறது, சும்மா கண்ணீர் மாதிரி. மனு கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அது உடையலாம், உடையாமலும் போகலாம். அது என் கையில் இல்லை, டீச்சர் கையிலும் இல்லை. நான் டீச்சரிடம் கேட்டது ஒரே ஒரு வரிதான். காலையில் எல்லோரும் நிற்கும்போது மைக்கில் ஒரே ஒரு வரி: 'தண்ணி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க, ரயில் மேட்டுக்குப் போங்க.' அவ்வளவுதான்.

ரயில் மேடு அதோ தெரிகிறது பாருங்க, வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். போன வருஷம் அது மட்டும்தான் முங்கவில்லை. ஆடு மாடு எல்லாம் தானாகப் போய் அதில்தான் ஏறி நின்றது.

டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். நல்ல மாதிரிதான் சார். தண்ணீர் கொடுத்தார். சொன்னார்: "தவசிமுத்து, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இது அரசாங்க முகாம். கேட்டுல போர்டு இருக்கு. தலைமையாசிரியரா இருந்துக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வராதீங்கன்னு நான் எப்படி மைக்ல சொல்ல முடியும்?"

"அப்ப போர்டைக் கழட்டுங்க டீச்சர்."

"போர்டு என் போர்டு இல்லையே."

"அப்ப யார் போர்டு?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தூக்கமே வர்றதில்லை தெரியுமா?" என்றார். எனக்கு நன்றாகத்தான் தூக்கம் வருகிறது. படுத்தால் கல் மாதிரித் தூங்கிவிடுகிறேன்.

பெற்றோர் கூட்டத்திலும் கேட்டேன். லிங்கதுரை என்று ஒருவர், உரக்கடை வைத்திருக்கிறார், எழுந்து நின்றுவிட்டார். "ஓய் தவசிமுத்து, உம்ம பிள்ளை போயிட்டாங்கிறதுக்காக இருக்கிற பிள்ளையளையும் நடுங்க வைக்கணுமாவே? எம் பேத்தி இப்பதான் ராத்திரி லைட்டை அணைச்சாத் தூங்குதா. நீரு வந்து ரயில் மேடு, ரயில் மேடுன்னுட்டு! வெள்ளம் என்ன வருஷா வருஷம் வருத கோயில் கொடையா?"

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நான் கோபப்படவில்லை. சொல்லப்போனால் அவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது, மகள் கட்டுரையிலும் மழையைக் கொடை என்றுதானே எழுதியிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன். மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது சார். பேரிடர் ஒத்திகை நடத்தணும் என்று மேலேயிருந்து உத்தரவு. அப்பாடா, கடைசியில் நம் பேச்சு எடுபட்டது என்று ஓடி வந்தேன். வந்து பார்த்தால் தீ விபத்து ஒத்திகை! உத்தரவில் அப்படித்தான் போட்டிருந்ததாம். தீயணைப்பு வண்டி வரவில்லை. வெள்ளத்தில் போன ரோட்டை இன்னும் போடவில்லையே, எப்படி வரும்? அதனால் பி.டி. வாத்தியாரே பழைய விடைத்தாளைக் குவித்துக் கொளுத்தி, வாளி மணலைப் போட்டு அணைத்துக் காட்டினார். பிள்ளைகள் 'தீ! தீ!' என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். குஷியாகத்தான் வந்தார்கள். வந்தவர்களை எங்கே வரிசையாக நிறுத்தினார்கள் தெரியுமா? அதோ, அந்த மயிலுக்குக் கீழே. சுவர் ஓரத்தில்.

நான் இந்த பெஞ்சில்தான் இருந்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. டீக்கடைக்காரர்தான் கிளாஸைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்.

என்ன கேட்டீங்க? வீட்டிலா? என் மகளுக்கு நான் சொல்லியாச்சான்னு கேட்கிறீர்களா?

இல்லை சார். அவளுக்கு எதற்கு? சின்னப் பிள்ளை, பயந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவன் சட்டை, பை எல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டாச்சு. டிவியில் மழை என்று வந்தால் மாற்றிவிடுவேன். இதெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் இருக்கிறது? நாட்டில் என்ன நடக்கிறது, ஊரில் என்ன நடக்கிறது, அதை வாயைத் திறந்து பிள்ளைகளிடம் பேச வேண்டியது அவர்கள் பொறுப்பு. பேசாமல் இருந்தால் மறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பேசாமல் இருந்தால் பிள்ளைகள் மனதில் அது என்னவாகக் கிடக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு தடவை தர்ஷினியே கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, என் கையை உதறிட்டுப் போனாம்லா, தம்பி எந்தப் பக்கமா ஓடினான்? கோயில் பக்கமாவா, தோட்டத்துப் பக்கமாவா?"

"ரசம் ஊத்திக்கோ" என்றேன்.

"இல்லப்பா, கோயில் பக்கமாப் போயிருந்தா..."

"ரசம் ஊத்திக்கோன்னேன்லா."

ஊற்றிக்கொண்டாள். சுயம்புகனி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மகள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்வாள்.

ஆனால் ஒன்று பண்ணினேன். போன வாரம் செய்தி வாசிக்கிற முறை அவளுக்கு வந்தது. ராத்திரியே சொன்னேன். "நாளைக்கு மைக் உன் கையில. கடைசியில அப்பா சொல்ற வரியையும் சேத்து வாசிச்சிரு." அந்த வரியைச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, வரியை மட்டும்தான் சொன்னேன். பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சருக்குத் தெரியுமாப்பா?"

"தெரிஞ்சா விட மாட்டாங்க."

"அப்ப டீச்சரைத் திட்டுவாங்களா, மேலே உள்ளவங்க?"

"அதைப் பத்தி உனக்கென்ன?"

காலையில் இங்கே வந்து நின்றேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாநிலம் வாசித்தாள், தேசியம் வாசித்தாள், உலகம், விளையாட்டு எல்லாம் வாசித்தாள். அப்புறம் நிறுத்தினாள். மைக் கர் என்றது. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் எல்லாம் அண்ணாந்து அவள் வாயையே பார்க்கின்றன. அந்தப் பக்கம் சந்தியாவின் தங்கை நிற்கிறாள், ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு. டீச்சரும் என் மகளைத்தான் பார்க்கிறார். வேண்டாம் என்று தலையாட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்க்கிறார். இவள் அந்தக் குழந்தைகளைப் பார்த்தாள். "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன, நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் கேட்டேன். "ஏட்டி, ஏன் சொல்லலே?"

"மைக்ல சொன்னாப் பயந்துருவாங்கப்பா. மைக்ல சொல்லித்தானே..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என்ன செய்ய? பள்ளிக்கூடம் எவ்வழியோ பிள்ளையும் அவ்வழி. ஊமையாக்கிவிட்டார்கள் சார். என் மகளையும் ஊமையாக்கிவிட்டார்கள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் பத்துப் பள்ளிக்கூடம் போகிறவர், போகிற இடத்தில் சொல்லுங்கள். உங்கள் கைடில் ஒரு பக்கம் போடலாம், உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டது. நீங்கள் உள்ளே போகலாம் சார். டீச்சர் அதோ கேட்டுக்கே வந்துவிட்டார். தினமும் இந்த நேரத்தில் கேட்டில் வந்து நின்றுகொள்வார், எதற்கென்று தெரியவில்லை. பிள்ளைகளை அனுப்ப வாட்ச்மேன் இருக்கிறாரே!

அந்தா, அதுதான் என் மகள். நீலப் பை. கூடவே ஒரு கும்பல் பொடிசு. எங்கள் வீடு இந்தப் பக்கம், கோயிலுக்குப் பின்னால். இவள் கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் போகிறாள். வீட்டுக்கு வர நேரமாகிவிடுகிறது. கேட்டால், 'விளையாட்டுப்பா' என்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு என்ன விளையாட்டு?

ரயில் விளையாட்டாம். பாருங்க, ஒருத்தன் பையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு. இவள் முன்னால் போக மாட்டாள், கடைசியில்தான் போவாள். வாழைத் தோட்டத்து வரப்பில் இறங்குகிறார்கள். ஒரே வரப்பில் போனால் என்ன? நேற்று ஒரு வரப்பு, இன்றைக்கு வேற வரப்பு. எது சீக்கிரம் என்று பார்க்கிறார்களாம்.

கேட்கிறதா, கத்துகிறாள்? "உக்காராதல! தண்ணி முட்டு வரைக்கும் வந்தாச்சு, கையை விடாதே, ஓடு ஓடு!" தண்ணீர் எங்கே இருக்கிறது சார்? வரப்பு காய்ந்து கிடக்கிறது. அந்தப் பயல் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். அந்த ரெட்டைச் சடை, அதுதான் சந்தியாவின் தங்கை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள் பாருங்க. கனமாக இருக்காதா? இவளே ஒரு நோஞ்சான்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? எழுந்து நின்றுவிட்டீர்கள்? ரயில் இப்போது கிடையாது, ஆறு மணிக்குத்தான். பயப்பட ஒன்றும் இல்லை. விளையாட்டுதான். ஆனால் விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா? இன்றைக்கு வீட்டுக்கு வரட்டும், கண்டிக்கிறேன்.

மேட்டில் ஏறிவிட்டார்கள். தலையை எண்ணுகிறாள். ஒவ்வொரு தலையிலும் கை வைத்து எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் பொடிசுகள் கூச்சல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி வீடுகளுக்கு ஓடுகின்றன. டீச்சரும் கேட்டை விட்டு உள்ளே போய்விட்டார். சார், நீங்களும் போங்க, அப்புறம் ரூமைப் பூட்டிவிடுவார். பையை மறக்காதீங்க.

சரி, போய்ட்டு வாங்க சார்.

இவள் மட்டும் இன்னும் மேட்டில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும்தான் ஏறியாச்சே, இன்னும் யாருக்காக நிற்கிறாள்? வரப்பில் ஒருத்தரும் இல்லை.

நிற்கிறாள்.

இறங்குகிறாள். போய்விட்டாள்.